ரிவர்ப் சர்க்யூட் செய்ய எந்த டிலே சிப் வாங்கலாம்?

மைக்குக்கு ரிவர்ப் சர்க்யூட், அதாவது பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற முழக்கம் தரும் சர்க்யூட், சொந்தமாகச் செய்யப் போகிறீர்கள். ஒலியைச் சற்றுத் தாமதித்து (டிலே) வெளியே விடும் பிடி2399 சிப் ஒன்று போதுமா, இல்லை இன்னும் நீளமான டிலே தரும் சிப்பைத் தேட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்று போதாது. ஆனால் நீளமான டிலே வேண்டவே வேண்டாம்.

நகரியில் என் மச்சான் மைக் செட் வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் பாரதக் கூத்து என்றால் பெரும்பாலும் அவர் செட்தான் போகும். அவருக்காக முதலில் ஒரே ஒரு பிடி2399 வைத்து ஒரு போர்டு செய்து கொடுத்தேன். பாட்டுக்கு நன்றாகவே இருந்தது. தாளம் தட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் டிக் டிக் டிக் என்று வால் பிடித்தது. ஆர்மோனியக்காரர் பாதியில் திரும்பி, "தம்பி, பின்னால யாரு இன்னொரு தாளம் போடுறது? என் கை தப்புது" என்றார். பாட்டில் உயிரெழுத்து நீண்டு ஒலிப்பதால் எதிரொலி அதில் கரைந்துவிடும். தாளத்தின் ஓசை கூர்மையானது, ஒவ்வொரு திரும்பலும் தனித்தனியாகக் காதில் விழும். அது எக்கோ, ரிவர்ப் ஆகாது.

1962-இல் ஒலியியல் ஆய்வாளர் ஷ்ரோடர் செயற்கை ரிவர்ப் பற்றி எழுதியபோது, 30 முதல் 45 மில்லிசெகண்டுக்குள் ஒன்றுக்கொன்று மடங்காக வராத நான்கு டிலேக்களைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டார். அப்போது எதிரொலிகள் ஒரே தாளத்தில் விழாமல் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிடி2399-இன் மிகக் குறைந்த டிலே சுமார் 31 மில்லிசெகண்ட். அந்த எல்லைக்குள் சரியாக வந்து நிற்கிறது, அதனால்தான் இந்தச் சிப்பை நான் விடவில்லை. ஷ்ரோடர் இதற்குப் பின்னால் 5 மில்லிசெகண்ட், 1.7 மில்லிசெகண்ட் என்று இன்னும் சிறிய டிலேக்களையும் வைத்தார். அவை இந்தச் சிப்பால் முடியாது. கொஞ்சம் உலோகச் சத்தம் மிஞ்சுவது அதனால்தான்.

இந்தச் சிப்பின் உள்ளே இருப்பது 44 கிலோபிட் நினைவகம். டிலேயை நீட்ட அது தன் உள்கடிகாரத் துடிப்பை மெதுவாக்கும், அவ்வளவே. 342 மில்லிசெகண்டுக்குப் போனால் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 1 சதவீதம் வரை ஏறும், 31-இல் 0.13 சதவீதம்தான். குறைந்த டிலேயில் ஓடுவது ஒலியின் தெளிவுக்கும் நல்லது.

இப்போது மச்சானின் போர்டில் மூன்று சிப் இருக்கிறது. டிலேயைத் தீர்மானிக்கும் ஆறாவது காலில் சிப்புக்கு ஒன்றாக 560 ஓம், 1 கிலோ ஓம், 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். சுமார் 35, 40, 46 மில்லிசெகண்ட் வரும். ஃபீட்பேக், அதாவது வெளியே வந்த ஒலியில் திரும்ப உள்ளே விடும் பங்கு, 0.7 வைத்தால் ஒரு சுற்றுக்கு 3 டெசிபல் குறையும். இருபது சுற்றில் 60 டெசிபல், அதாவது ஒலி அடங்க முக்கால் நொடிக்கு மேல். கூத்து மேடைக்கு அது தாராளம்.

ஒன்றில் கவனமாக இருங்கள். கரண்ட் வரும் அந்தக் கணத்தில் ஆறாவது காலில் ரெசிஸ்டன்ஸ் 2 கிலோ ஓமுக்கும் கீழே இருந்தால் சிப் பூட்டிக்கொள்ளும். அணைத்துப் போட்டால்தான் திரும்பும். ஜெனரேட்டர் மாற்றும்போதெல்லாம் எனக்கு இதே தொல்லை. ரெசிஸ்டரை நேராகக் கிரவுண்டுக்கு விடாமல் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக விட்டு, பேஸில் கபாசிட்டர் வைத்து அரை நொடி தாமதமாகத் திறக்கச் செய்தேன். அதற்கப்புறம் ஒரு முறைகூடப் பூட்டவில்லை.

மற்ற சிப்கள் பற்றிச் சுருக்கமாக: எம்என்3207 அனலாக் வகை, ஒரு குரலைப் பல குரல் போலக் காட்டும் கோரஸுக்குப் பொருத்தம். எஃப்வி-1 உண்மையான ரிவர்ப் சிப், ஒரு நொடி நினைவகம், உள்ளேயே எட்டு புரோகிராம். பாட்டுக்கு அதைவிட அழகாக எதுவும் வராது. ஆனால் 3.3 வோல்ட்டில் ஓடும் சிறிய 28 கால் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் வகை), சால்டரிங் கை பழகியிருக்க வேண்டும். நேரமில்லை என்றால் பெல்டன் ரிவர்ப் பிரிக் என்ற தயார் ரிவர்ப் பெட்டியை வாங்குங்கள். அதற்குள்ளும் மூன்று பிடி2399தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் இவை கிடைக்காது, ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். பிடி2399-ஐ மூன்றாக வாங்காமல் ஐந்தாக வாங்கி, 16 பின் சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்; சில சிப் மற்றதைவிட அதிகம் இரையும். சோதிக்கும்போது பாட்டுப் போடாதீர்கள், ஒரு ஜோடி ஜால்ராவைத் தட்டிக் கேளுங்கள்.