ஒரு சாண் ஆழத்தில் இருப்பது காசா, லாடமா?

கேள்வி: திசையன்விளை பக்கம் எங்கள் பாட்டன் காலத்துப் பனைவிளை இருக்கிறது. அங்கே பழைய வண்டிப்பாதை ஓரமாக மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடி வருகிறேன். திரையில் 82 என்று காட்டிய இடத்தை ஒரு சாண் ஆழம் தோண்டினால் மாட்டு லாடம் வந்தது. எண் 40க்கும் 60க்கும் இடையே தாவிக்கொண்டிருந்ததால் நான் விட்டுவிட்ட இடத்தில் என் மருமகன் தோண்டி ஓட்டைக் காலணா எடுத்துவிட்டான். கருவி பழுதா? பெரிய சுருள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: கருவியில் பழுதில்லை. மருமகனுக்கு யோகம் என்று சொல்லி உங்களைத் தேற்றவும் மாட்டேன். நீங்கள் எண்ணை நம்பினீர்கள், அவ்வளவுதான்.

கருவியின் அடியில் வட்டமாக இருக்கும் கம்பிச் சுருள் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அதற்கு உலோகம் தரும் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கணக்கிட்டுத்தான் கருவி அந்த எண்ணைக் காட்டுகிறது; பொதுவாக இரும்புக்குத் தாழ்ந்த எண், வெள்ளிக் காசுக்கு உயர்ந்த எண். போகும்போதும் தேய்கிறது, திரும்பும்போதும் தேய்கிறது. அதனால் சுருளுக்கு எட்டும் எல்லையை நெருங்கும்போது, தூரம் இரண்டு மடங்கானால் பதில் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். மேலாகக் கிடந்தால் கூவுகிற காசு, ஒரு சாணுக்குக் கீழே போனால் முணுமுணுக்கும். சுருளை ஒட்டிக் கிடக்கும் மண்ணோ தன் பதிலைக் குறைத்துக்கொள்வதில்லை. இரண்டும் கலந்து வருவதால் எண் தாவும். இரும்புப் பக்கம் இறங்கவும் செய்யும்.

உங்கள் மண் அதிலும் மோசம். உங்கள் பக்கத்துத் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்கு, சிவப்பைக் கொடுப்பதே இரும்பின் ஆக்சைடுதான். மழை நீர் ஓடிய தடத்தில் கறுப்புப் பொடி ஒதுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதுவும் இரும்பு கலந்த கனிமம். ஆகவே உலோகம் இல்லாத இடமாகப் பார்த்துச் சுருளை மேலும் கீழுமாக அசைத்து, மண்ணின் இரைச்சல் அடங்கும்வரை கருவியை மண்ணுக்குச் சரிசெய்யுங்கள். இருபது முப்பது அடி நகர்ந்ததும் மறுபடி செய்யுங்கள். உணர்திறனை உச்சத்தில் வைப்பது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பக்கத்தில் மோட்டாரோ மின்கம்பியோ இருந்தால் இரண்டு படி குறையுங்கள்; எண் நிலைக்கும்.

இனி லாடம். தட்டையான இரும்பு, வளைந்த இரும்பு, நன்றாகத் துருவேறிய இரும்பு ஆகியவை வெள்ளிக் காசைப் போல உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். வண்டிப்பாதை ஓரத்தில் லாடமும் லாட ஆணியும் இல்லாமல் இருக்குமா? நானும் ஒரு காலத்தில் ஒரு வாளி லாடம் சேர்த்திருக்கிறேன். பிரித்தறிய முதல் வழி, குறி கேட்ட இடத்தைச் சுற்றி வந்து குறுக்காகவும் வீசிப் பார்ப்பதுதான். காசு வட்டம், படுக்கையாகக் கிடந்தால் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, குறுகிய மெல்லிய ஒலி வரும். லாடம் ஒரு பக்கம் இனிமையாகப் பேசும். தொண்ணூறு பாகை திரும்பினால் கரகரக்கும், அல்லது குறி நான்கு விரல் தள்ளிப் போய்விடும். செங்குத்தாக நிற்கும் காசும் சில சமயம் இப்படி ஏமாற்றும் என்பதால் சந்தேகத்தின் பலனை மண்வெட்டிக்கே கொடுங்கள்.

பிறகு சுருளை மெதுவாக உயர்த்துங்கள். ஆழத்துக் காசின் ஒலி சட்டென்று அறுந்துவிடும். முழங்கால் உயரத்திலும் விடாமல் கத்தினால் அது தகரமோ பழைய கலப்பைக் கொழுவோதான். ஆழம் காட்டும் அளவியையும் இப்படியே எடைபோட வேண்டும். அது காசளவுப் பொருளுக்காக அமைக்கப்பட்டது. பெரிய பொருள் ஆழத்தில் இருந்தாலும் மேலே இருப்பதாகவே சொல்லும்.

உங்கள் மருமகன் எடுத்தது 1943 முதல் 1947 வரை அடித்த, இரண்டு கிராம் எடையே உள்ள வெண்கல வளையம். அவ்வளவு சிறியது ஒரு சாணில் எண்ணை நிலையாகக் காட்டாது. இப்படி எண் தாவினாலும் ஒலி மட்டும் இடம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால், இரும்பை ஒதுக்கும் வசதியை அணைத்துவிட்டு எல்லா உலோகத்தையும் கேட்கும் நிலையில் ஒரு முறை வீசுங்கள். பாதி ஆழம் தோண்டி மண்ணை அப்புறப்படுத்திவிட்டுக் குழிக்கு மேல் மறுபடி வீசுங்கள். எண் ஏறி நிலைத்தால் இரும்பல்லாத உலோகம், தோண்டுவதைத் தொடரலாம். இறங்கினால் இரும்பு. பாதிக் குழி தோண்டாமல் ஆழத்துக் குறியை அடையாளம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

பெரிய சுருள் வேண்டாம். ஆழம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் அது மண்ணையும் அதிகமாகப் பார்க்கும். ஆணி நிறைந்த இடத்தில் ஆணியையும் காசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும். உங்கள் விளைக்குச் சிறிய சுருளே தோது.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து எடுத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; சொந்த நிலம் என்பதால் விலக்கு இல்லை. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை ஆகிய தொல்லியல் இடங்களின் பக்கம் கருவியோடு போகவே போகாதீர்கள். விளையில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளோ தாழியின் விளிம்போ தட்டுப்பட்டால், அந்தக் குழியை அப்படியே மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.