ரூட்டாக இருந்தும் ஸ்லப் டிபக் கோப்பில் எழுத முடியவில்லை, ஏன்?

கேட்டவரின் நிலைமை இது: லினக்ஸ் 5.10 கெர்னல். (ஸ்லப் என்பது கெர்னலுக்குள் நினைவகத்தைத் துண்டு துண்டாக ஒதுக்கித் தரும் பகுதி.) ஒரு டிரைவர் நினைவகத்தைக் கெடுக்கிறது என்ற சந்தேகத்தில், சிஸ் கோப்புறைக்குள் கேமலாக்-128க்கான (128 பைட் துண்டுகளைத் தரும் கேஷ், அதாவது ஒரே அளவுத் துண்டுகளின் கிடங்கு) ரெட்_ஜோன் கோப்பில் 1 என்று எழுதிப் பார்க்கிறார். அனுமதி இல்லை என்று வருகிறது. பழைய 4.19 கெர்னலில் அந்தக் கோப்புக்கு எழுதும் அனுமதி இருந்ததே என்கிறார்.

இருந்தது உண்மைதான். 2020ல் வந்த 5.9 கெர்னலில் அதை எடுத்துவிட்டார்கள். சிஎச்மாட் (கோப்பின் அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டுப் பயனில்லை, எழுதுவதைக் கையாளும் நிரல் துண்டே இப்போது அங்கே கிடையாது. அந்த மாற்றத்தை பேட்ச் போட்டுப் பின்வாங்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஏன் எடுத்தார்கள் என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

ரெட் ஜோன் என்பது ஒவ்வொரு நினைவகத் துண்டின் ஓரத்திலும் போடும் வரப்பு. வரப்பு போட்டால் துண்டு பெரிதாகும். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் பக்கத்தில் 128 பைட் துண்டுகள் 32 பிடிக்கும். எல்லா டிபக் வசதிகளையும் போட்டால் அதில் பாதிகூடப் பிடிக்காது. ஏற்கெனவே சிலருக்குத் துண்டு கொடுத்திருக்கும்போது நடுவில் அளவை மாற்றினால் என்ன ஆகும்? அதனால்தான் பழைய கெர்னலும் "இந்தக் கேஷில் ஒரு துண்டுகூட வெளியே போயிருக்கக் கூடாது" என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற விட்டது. கேமலாக்-128 பூட் ஆன நொடியிலிருந்தே பயன்பாட்டில் இருப்பது. ஆக 4.19லும் உங்களுக்கு "பிஸி" என்ற பதில்தான் வந்திருக்கும்.

அந்தச் சோதனையிலும் ஓட்டை இருந்தது. துண்டு எதுவும் இல்லை என்று பார்த்து முடித்து, அளவை மாற்றுவதற்குள் இன்னொரு சிபியு ஒரு துண்டை வாங்கிவிடலாம். இதைப் பூட்டுப் போட்டு அடைக்கப் போனால், டிபக் வேண்டாதவர்களுக்கும் நினைவகம் ஒதுக்கும் வேகம் குறையும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பாதுகாப்புக்காகக் காலித் துண்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் வசதியில், கலைத்த வரிசையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பக்கத்துக்கு எத்தனை துண்டு என்பது மாறினால் அந்தக் கணக்கு தப்பு. நினைவகப் பிழையைத் தேடப் போய் நாமே ஒரு நினைவகப் பிழையை உண்டாக்குவது போல. கெர்னல் டெவலப்பர் விளாஸ்திமில் பாப்கா அந்தக் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று மாற்றியது எனக்கு முழுக்கச் சரியான முடிவாகவே படுகிறது. கூடவே பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் அமைப்பு வரி) அதைவிட நல்ல வசதியையும் கொடுத்தார்.

அதைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும். கெர்னல் பூட் வரியில் இப்படிப் போடுங்கள்:

ஸ்லப்_டிபக்=எஃப்இசட்பியூ,கேமலாக்-128

(எழுத்துகளை ஆங்கிலத்தில் அடியுங்கள்.) எஃப் பொதுச் சோதனை, இசட் வரப்பு, பி விடுவித்த துண்டை 6பி என்ற பைட்டால் நிரப்புவது, யூ யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்று எழுதி வைப்பது. அரைப்புள்ளி போட்டு வெவ்வேறு கேஷுக்கு வெவ்வேறு எழுத்துகள் தரலாம். எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டு, கழித்தல் குறியால் சிலதை மட்டும் விலக்கலாம். ஆனால் கிரப்பில் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்) அரைப்புள்ளி கட்டளையை முடித்துவிடும், மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பூட் ஆனதும் ப்ராக் கோப்புறையில் சிஎம்டிலைனைத் திறந்து, வரி முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கெர்னல்களில் இதன் பெயர் ஸ்லாப்_டிபக். பழைய பெயரும் செல்லும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 256 எம்பி நினைவகம் உள்ள ஒரு போர்டில், வாரத்துக்கு ஒரு முறை எங்கெங்கோ கிராஷ் ஆகும். முதலில் எல்லாக் கேஷுக்கும் டிபக் போட்டேன். போர்டு தவழ்ந்தது, பிழை ஒளிந்துகொண்டது. மூன்று நாள் போனது. அப்புறம் கேமலாக்-128க்கு மட்டும் போட்டேன். மறுநாள் காலை பதிவில் ரெட் ஜோன் அழிக்கப்பட்டதாக ஒரு வரி. வரப்பு முழுக்க சிசி என்ற பைட்டே இருக்க வேண்டும், அதன் முதல் பைட்டில் 00. ஒரே ஒரு பூஜ்யம்! பார்த்த உடனே புரிந்துவிட்டது, சரத்தின் முடிவுக் குறி. நான் எழுதிய டிரைவரில்தான் நீளத்தோடு ஒன்று கூட்டாமல் இடம் வாங்கியிருந்தேன். பெயர் சரியாக 128 எழுத்து வந்தால் அந்தப் பூஜ்யம் வரப்பில் விழும். 127 என்றால் துண்டுக்குள்ளேயே அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது. (6.2 கெர்னல் முதல் இசட், யூ இரண்டும் இருந்தால், கேட்ட அளவுக்கு மேல் மிச்சமிருக்கும் இடத்துக்கும் காவல் உண்டு.)

ஒன்றைக் கவனியுங்கள். வரப்பைச் சோதிப்பது பெரும்பாலும் துண்டை விடுவிக்கும்போதுதான். அறிக்கை வரும் நேரமும் கெடுத்த நேரமும் ஒன்றல்ல. அதே கேஷின் கோப்புறையில் வேலிடேட் என்ற கோப்பு இருக்கிறது, அதில் இன்னும் எழுதலாம். 1 என்று எழுதினால் அந்தக் கேஷின் துண்டுகளை உடனே சோதிக்கும். சந்தேகமான வேலையைச் செய்வதற்கு முன்னும் பின்னும் எழுதிப் பாருங்கள், தேடும் இடம் வெகுவாகச் சுருங்கும்.

உங்கள் டிரைவருக்கென்று தனிக் கேஷ் இருந்து, அதற்கு டிபக் போடவில்லை என்றால், ஸ்லப் அதை ஒத்த அளவுள்ள வேறொன்றோடு இணைத்திருக்கலாம். ஸ்லாப்_நோமெர்ஜ் என்று பூட் வரியில் சேர்த்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.