பகலில் பத்தியம், இரவில் பாக்கெட்

கேள்வி: எனக்கு வயது 46. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் எச்சரித்தார். அன்றே எண்ணெய், உப்பு, இனிப்பு மூன்றையும் அடியோடு நிறுத்திவிட்டேன். வேகவைத்த காய்கறியும் சூப்புமாகப் பகல் ஓடிவிடுகிறது. இரவு பத்து மணிக்கு மேல்தான் தாங்க முடியவில்லை. சிப்ஸ், பிஸ்கட் என்று ஒரு முழுப் பாக்கெட் காலியாகிறது. "உங்களுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார் மனைவி. நாக்கை அடக்குவது எப்படி?

பதில்: அடக்க வேண்டாம் சார். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தப் பகல் சாப்பாடுதான். வயிறு, நாக்கு இரண்டையும் நாள் முழுக்கப் பட்டினி போட்டால், இரவில் இரண்டும் சேர்ந்து கேட்கத்தானே செய்யும்? காயும் சூப்பும் மட்டும் போதாது. பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் உள்ள ஏதாவது ஒன்று மதியத் தட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம் ருசி. உடம்புக்கு நல்லது என்றால் சப்பென்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ, என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்பித்தான் தோற்றுப்போகிறார்கள். அதே காயை ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்குங்கள். மிளகைத் தட்டிப் போடுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு சேர்ந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. உப்பையும் கடைசியில் மேலாகத் தூவினால் கொஞ்சமே போதும். உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள் என்றுதான் சொல்கிறது. அடியோடு விடச் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் நாக்கு பழகி, பழைய அளவே கரிக்கும்.

இனிப்பில் முதலில் நிறுத்த வேண்டியது குடிக்கிற சர்க்கரையை. 330 மில்லி கோலா ஒன்றில் சுமார் 35 கிராம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஆசைப்பட்ட இனிப்பை எப்போதாவது, மதியச் சாப்பாடு முடிந்ததும், ஒரு சின்னத் துண்டு தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேருக்கு, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவும், இரண்டு வாரம் வழக்கமான சமையலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. பரிமாறிய உணவில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இருந்தும் பாக்கெட் உணவு நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். ஆகவே அம்மா, அவரைக் குறை சொல்லாதீர்கள். பாக்கெட்டை வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பத்து மணிக்கு நிஜமாகவே பசித்தால் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை கொடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டு இந்த மாற்றங்களைத் தொடங்குங்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அதனால் அடுத்த வாரமே எடுத்துப் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகாதீர்கள்.