பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: கோபி பக்கம் தோட்டம் வைத்திருக்கிறோம். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறோம். ராத்திரியில் காட்டுப்பன்றி கூட்டமாக வந்து புரட்டிவிட்டுப் போகிறது. மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத்துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்து காலமான ஒருவரின் இங்கிலீஷ் இரட்டைக்குழல் விலைக்கு வருவதாக ஒரு தரகர் சொல்கிறார். காரில் எடுத்துவந்து காட்டினார். குழல்மேல் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று இருக்கிறது. "பெரிய கம்பெனிங்க, நூறு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது, பேப்பரை நான் பார்த்துக்கறேன்" என்று முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். துப்பாக்கி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் உதைக்கின்றன. தரகர் அதைக் காரில் கொண்டுவந்தது, குழலில் உள்ள பெயர், உங்கள் கையில் இருக்கும் லைசென்ஸ்.

முதலில் கார். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் குடும்பத்தாருக்கு உரிமை இல்லை. பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதன்பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து மீட்கலாம், அல்லது வாங்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். அப்படி ஒப்படைத்த துப்பாக்கி ஒரு தரகரின் கார் டிக்கியில் எப்படி வந்தது? ஒப்படைக்கவே இல்லை என்றால் அது இன்று சட்டவிரோதத் துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். துப்பாக்கி உங்கள் சாளையில் இருக்கும்.

நம் பக்கத்தில் நிலத்துக்கும் தரகர், மாட்டுக்கும் தரகர் என்று பழகிவிட்டோம். துப்பாக்கிக்குத் தரகர் என்று சட்டத்தில் ஓர் ஆளே கிடையாது. விற்பவர், வாங்குபவர், உரிமம் பெற்ற கடைக்காரர், லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, அவ்வளவுதான். தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதாக இருந்தால், வாங்குபவரின் பெயர் முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். "நாளைக்கே எடுத்துக்கங்க" என்று யார் சொன்னாலும் அங்கே தப்பு இருக்கிறது. அந்தக் குடும்பத்தாரை நேரில் பாருங்கள். இறந்தவரின் லைசென்ஸ், அதில் உள்ள துப்பாக்கி எண், ஒப்படைத்த ரசீது மூன்றையும் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

அடுத்தது உங்கள் லைசென்ஸ். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் உங்களைத் திருப்பி அனுப்பப்போவது இதை வைத்துத்தான். லைசென்ஸில் ஆயுதத்தின் வகை எழுதியிருக்கும். உங்களுடையதில் எஸ்.பி.எம்.எல். என்று இருக்கும், அதாவது குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல். தோட்டா போடும் இரட்டைக்குழலுக்கு டி.பி.பி.எல். என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை வாங்க முடியாது. "பயிர்ப் பாதுகாப்பு என்றால் நாட்டுத்துப்பாக்கிதான், வேறு தர மாட்டோம்" என்பார்கள். அது பாதி உண்மை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: அந்தத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே மரைபோல் சுருள் வரி வெட்டாத வேறு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம். நீங்கள் கேட்கும் இரட்டைக்குழல் அதில் அடங்கும்.

திருப்தி தானாக வராது, நீங்கள்தான் ஏற்படுத்த வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ. சான்று, வனத்துறையில் கொடுத்த புகார்களின் நகல், நிலத்தின் சிட்டா, மழைக்காலத்தில் கரிமருந்து நமத்துப்போய் வெடிக்காத நிலைமை எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். மனுவில் அந்தப் பிரிவின் எண்ணையும் குறிப்பிடுங்கள். வாயால் கேட்டு வாயால் மறுத்தால் அது மறுப்பே இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். காவல்துறை அறிக்கைக்கு 30 நாள் என்று 2016 ஆயுத விதிகளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அந்த 30 நாளை யார் மதிக்கிறார்கள்? ராத்திரி முழுக்கப் பரணில் கண்விழிக்கிற விவசாயி, பகலில் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அதற்காகத் தரகர் காட்டும் குறுக்கு வழியில் போய்விடாதீர்கள். மெதுவாக நகரும் அதே ஆபீஸ், தப்பான துப்பாக்கி என்றால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோனது. அதனால் இங்கே இருக்கும் இங்கிலீஷ் துப்பாக்கிகள் எல்லாம் பழசு. பாதி எஸ்டேட்களிலிருந்தும் பாதி ஜமீன், மில் குடும்பங்களிலிருந்தும் வந்தவை. வரத்து இல்லாததால் பெயருக்கே விலை வைக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்' பர்மிங்ஹாமின் பெரிய கம்பெனி. 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' வேறு. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் உண்மையான ஆள் இருந்தார், ஆனால் அதே பெயரைப் பொறித்துப் பெல்ஜியத்திலிருந்து மலிவுத் துப்பாக்கிகளும் ஏராளமாக வந்தன. 'மேன்டன்' என்ற பெயரும் அப்படித்தான், கல்கத்தாவில் அந்தப் பெயரில் இருந்த கடை பர்மிங்ஹாமில் செய்த துப்பாக்கிகளை விற்றது.

உண்மையைச் சொல்வது குழலின் அடிப்பக்கம். கட்டையிலிருந்து குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் தட்டையான இடத்தில் சோதனை முத்திரைகள் தெரியும். முட்டை வடிவ வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் அது பெல்ஜியம், லியேஜ் நகரம். கிரீடமும் அதன்கீழ் என்.பி. அல்லது பி.என்.பி. எழுத்தும் இருந்தால் பர்மிங்ஹாம், வாள் பிடித்த கையின்கீழ் என்.பி. இருந்தால் லண்டன். இந்த என்.பி. என்பதுதான் முக்கியம். இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவுக்குக் குழல் தாங்கும் என்று சோதித்து வைத்த முத்திரை அது. அது இல்லாத பழைய துப்பாக்கி கரிமருந்துக்குச் செய்தது, நம் கடைத் தோட்டாவை அதில் போடக் கூடாது. குழல் முழுக்க மரத்தின் ரேகை போல் வரிவரியாக இருந்தால் அது டமாஸ்கஸ் குழல். பார்க்க அழகு, சுவரில் மாட்டலாம். தோட்டத்துக்கு வேண்டாம்.

அடுத்த கண்ணி தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. தோட்டாவுக்குச் செய்தவை. கடையில் 70 மி.மீ. தோட்டாவும் கிடைக்கும். தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போட்டிருப்பது சுட்டபிறகு வாய் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் அது சுருங்கியிருப்பதால் 65 மி.மீ. அறைக்குள் 70 மி.மீ. தோட்டா சுலபமாகப் போய்விடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். "போகுதில்லீங்க, அப்புறமென்ன" என்பார்கள். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் நெருக்கும், அழுத்தம் ஏறும். நூறு வயதுக் குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முத்திரைகளுக்குப் பக்கத்திலேயே அறையின் நீளம் பெரும்பாலும் பொறித்திருக்கும்.

இதற்கு ஒரு 'வைத்தியம்' சொல்வார்கள்: அறையை லேத்தில் கடைந்து 70 ஆக்கிவிடலாம் என்று. கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை, நல்ல கைகளும் இருக்கின்றன. ஆனால் கடைந்த குழலை மறுபடி சோதனைக்கு அனுப்பாமல் பழைய முத்திரைக்கு மதிப்பே இல்லை. ஆயுதப் பழுதுபார்ப்பு உரிமம் இல்லாத பட்டறை அதைத் தொடுவதே குற்றம். உட்புறத் துருக்குழிகளை மெருகேற்றித் தேய்த்து மறைக்கிற வேலையும் நடக்கிறது. கண்ணாடிபோல் மின்னும், சுவர் மெலிந்திருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வேண்டவே வேண்டாம், அதை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. தேர்தல் வந்தாலே காவல் நிலையத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை வாங்கி அடுக்கி வைத்து மாதக்கணக்கில் எண்ணெய் காட்டாமல் திருப்பித் தருகிறார்களே, அந்தத் துரு பல நல்ல குழல்களைத் தின்றிருக்கிறது. அதனால் உட்புறத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குழிகள், பள்ளம், வளையம்போல் வீக்கம் எதுவும் இருக்கக் கூடாது.

கழற்றிய குழலை கொக்கிப் பக்கமாகத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். சத்தம் மொட்டையாக இருந்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை மட்டும் எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மூடி அசைத்தால் குழல் ஆடக் கூடாது. விசையை வெறுமனே இழுத்துப் பார்க்காதீர்கள், தோட்டாவைக் குத்தும் ஊசி உடையும். டம்மித் தோட்டா போட்டுத்தான் பார்க்க வேண்டும். கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பூட்டுக்குப் பின்னால் பாருங்கள். குழல் வாயை யாராவது வெட்டிக் குட்டையாக்கியிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாகப் பன்றி. இந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைச் சுட இல்லை. காட்டுப்பன்றி இன்னும் வன உயிரினச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்வார்கள். மயிலைச் சுட நினைக்கவே நினைக்காதீர்கள். உங்கள் தோட்டம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, அந்தப் பதிலையும் லைசென்ஸ் மனுவோடு சேர்த்து வையுங்கள். லைசென்ஸில் டி.பி.பி.எல். என்று ஏறிய பிறகு, துப்பாக்கி எந்தக் கடையில் ஒப்படைத்திருக்கிறதோ அங்கேயே போய், குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்ட மறுத்தால் வேறு துப்பாக்கி தேடுங்கள்.