அம்மாவின் கால், அம்மாவின் கையெழுத்து

கேள்வி: என் அம்மா மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். வயது 66. சீனி வியாதியால் பாதத்துப் புண் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார் டொக்டர். அம்மா மாட்டேன் என்கிறார். "புண்ணைக் கழுவத்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவோம், கையெழுத்தை நான் போடுகிறேன்" என்கிறார் அண்ணன். எனக்கு அம்மா பிழைத்தால் போதும். இது தப்பா?

பதில்: தப்புதான் தங்கச்சி. அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மயக்கம் தெளிந்து அம்மா போர்வையை விலக்கிப் பார்க்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அப்புறம் நீங்கள் கொடுக்கும் மாத்திரையைக்கூட நம்புவாரா?

மருத்துவ அறத்தை 1979இல் டொம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்ற இரு அறிஞர்கள் நான்காக வகுத்தார்கள்: நோயாளியின் சொந்த முடிவை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாதிருப்பது, நீதியாக நடப்பது. அண்ணன் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார். அம்மா தெளிவாக இருக்கும்வரை முடிவு அவருடையது.

ஆனால் அந்த முடிவை எடுக்க விஷயம் விளங்க வேண்டுமே. என் அப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது சிங்களப் படிவத்தில் கைநாட்டு வைத்தார். டொக்டர் ஐந்து நிமிஷம் சொன்னதை நான் "ஒன்றும் பயமில்லைப்பா" என்று ஒரே வரியில் முடித்தேன். இன்னும் உறுத்துகிறது. இலங்கையில் தமிழும் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருஷம்! தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அம்மாவிடம் நேரே சொல்லட்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் இருவரும் இடையில் நிற்க வேண்டாம். பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவோம். எடுக்காவிட்டால் கிருமி இரத்தத்தில் பரவுமா, எத்தனை நாள் அவகாசம், செயற்கைக் கால் பொருத்தலாமா என்பதெல்லாம் அவர் காதில் விழ வேண்டும். தாமதிக்காதீர்கள். காய்ச்சல் ஏறினால் புத்தி தடுமாறிவிடும். அப்போது அவரிடம் கேட்க முடியாது. எல்லாம் விளங்கிய பிறகும் வேண்டாம் என்றால், வலிக்கும் புண்ணுக்கும் வைத்தியம் தொடரட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் மாட்டேன் என்கிறார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. லயத்துக் காம்பராவிலிருந்து, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டு அறையிலிருந்து, கக்கூஸுக்கு எத்தனை படி? மழையில் வழுக்கும் கல்படியில் ஊன்றுகோலோடு எப்படி இறங்குவது, மருமகளைத் தூக்கச் சொல்வதா என்ற கூச்சமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு தடுப்பு அடித்து, கமோட் கதிரை போட அண்ணனால் முடியும். நாளைக்கு வாட்டுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். காலைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் படியைப் பற்றிக் கேளுங்கள்.