வாசகர் கேள்வி பதில்: சத்து எங்க போச்சு?

இந்த தடவ வந்த கடிதங்கள்ல மூணு பேர் வேற வேற ஊர்ல இருந்து கிட்டத்தட்ட ஒரே விஷயத்த கேட்ருக்காங்க, அதனால சேர்த்தே பதில் சொல்லிடுறேன்.

*மேலூர் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி: வருஷாவருஷம் ஆட்டு மந்தை ஓட்டிட்டு வர்ற கீதாரிகள கூப்பிட்டு வயல்ல கிடை போடுறேன், அதாவது ராத்திரி மந்தைய வயல்லயே படுக்க வைக்கிறேன். என் மகன் கேக்குறான், ஆடு புதுசா எதையும் உண்டாக்கலையே, தின்ன புல்லு தான புழுக்கையா வருது, அதுல வயலுக்கு என்ன லாபம்னு. என்ன சொல்ல?*

நல்ல கேள்வி கேட்ருக்காப்ல அண்ணே. ஆடு சத்து எதையும் உண்டாக்குறது இல்ல, அது நிஜம். ஆனா அந்த புல்லு எங்க முளைச்சதுனு பாருங்க. பகல் பூரா மந்தை மேயுறது கண்மாய் உள்வாய்ல, புறம்போக்குல, ரோட்டோரத்துல, ராத்திரி படுக்குறது உங்க வயல்ல. அங்க கெடந்த சத்து ஆட்டு வயித்துல ஏறி உங்க மண்ணுல வந்து இறங்குது. உங்க வயல்லயே மேய்ஞ்சு அங்கேயே படுத்துச்சுனா கணக்குல பெருசா எதுவும் கூடாது, சீக்கிரம் மக்கும், அவ்வளவு தான்.

புழுக்கைய மட்டும் பாக்காதீங்க. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் புழுக்கையில வருது, ஆனா சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தழைச்சத்துல (நைட்ரஜன்) பெரும்பங்கும் மூத்திரத்துல தான் இருக்கு. கிடை எழுப்புன காலையில வயல்ல நின்னா மூக்கைத் துளைக்கிற மாதிரி ஒரு நெடி அடிக்கும்ல, அது அமோனியா, உங்க தழைச்சத்து தான் காத்தோட போயிட்டு இருக்கு. தாமதிக்காம ஒரு உழவு போட்டு மண்ண பொரட்டி விட்டுட்டீங்கனா அதுல நிறைய மண்ணுலயே நிக்கும்.

கண்மாய் வண்டலும் இதே கதை தான், மேட்டுல இருந்து மழை அரிச்சுட்டு வந்ததெல்லாம் கண்மாயில படியுது, கோடையில அத அள்ளி வயல்ல அடிக்கிறோம். சிவகங்கை மாவட்டத்துல திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்களுக்கு வர்ற கொக்கு, நாரையெல்லாம் சுத்துப்பட்டு நீர்நிலைகள்ல மீன் புடிச்சு தின்னுட்டு வந்து கூட்டுக்கு கீழ எச்சம் போடுது, அந்த தண்ணி வயலுக்கு உரத்தண்ணி. அந்த ஊர் சனங்க பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடியே போடுறது இல்ல, கேக்கவே மனசு நிறைஞ்சு போகுது.

மகன்கிட்ட இன்னொன்னும் சொல்லுங்க. நெல்ல மூட்டை கட்டி அனுப்புறீங்க, மல்லிகைப்பூவ மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்புறீங்க, ஒவ்வொரு லோடுலயும் உங்க மண்ணுல இருந்து கொஞ்சம் கெளம்பி போகுது. அது எங்க போய் சேருதுனு மூணாவது கேள்வியில வருது.

*திருமங்கலத்துல இருந்து ஒரு பிளஸ் டூ மாணவி: உணவுச்சங்கிலியில அடுத்த படிக்கு பத்து சதவீத சக்தி தான் போகும்னு படிக்கிறோம். சக்தி அழியாதுனும் படிக்கிறோம். மீதி 90 எங்க?*

அழியலம்மா, சூடா மாறி வெளியேறிடுது. வெட்டுக்கிளி ஒரு இலைய தின்னா கொஞ்சம் செரிக்காம எச்சமா போயிடும், செரிச்சதுலயும் பெரும்பகுதி மூச்சு விட, தாவ, உசுரோட இருக்கவே செலவாகிரும், உடம்பா நிக்கிறது கொஞ்சம் தான், அந்த கொஞ்சம் தான் அத புடிச்சு தின்னுற ஓணானுக்கு. எச்சத்தையும் செத்ததையும் பாக்டீரியா, பூஞ்சை தின்னும், அதுங்களும் மூச்சு விட்டு சூடாக்கிரும். அந்த சூட்ட புடிச்சு மறுபடி மாவுச்சத்தாக்க எந்த செடியாலயும் முடியாது, அதான் தினமும் புதுசா வெயில் வேண்டியிருக்கு. தழைச்சத்தும் கார்பனும் அப்படி இல்ல, அதே அணுக்கள் தான் திரும்ப திரும்ப சுத்தி வருது.

பத்துங்கிறது உத்தேசக் கணக்கு. இத முதல்ல அளந்து காட்டுனவர்ல ஒருத்தர் ரேமண்ட் லிண்டமன், அமெரிக்காவுல மினசோட்டாவுல சீடார் போக்னு ஒரு சின்ன ஏரி, அதுல அவருக்கு கிடைச்சது தாவரந்தின்னிகளுக்கு 13.3 சதவீதம், அதுக்கு மேல் படிக்கு 22.3. கட்டுரை 1942ல அச்சுல வர்றதுக்கு சில மாசம் முன்னாடியே இறந்துட்டாரு, 27 வயசு கூட முடியல.

உங்க மாவட்டத்துலயே இத பாக்கணும்னா அரிட்டாபட்டிக்கு போங்க, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம். பாறை மேல ராஜாளியும் வல்லூறும் விரல் விட்டு எண்ற அளவு தான் இருக்கும். ஒவ்வொரு படியிலயும் இவ்வளவு கழிஞ்சு மேல வர்றதால ஒரு ஜோடி பொழைக்கவே பெரிய நிலப்பரப்பு வேணும். அதனால மலைய விட்டுட்டு சுத்தி இருக்குற காட்ட அழிச்சாலும் மொதல்ல காணாம போறது அதுங்க தான்.

*மதுரை அண்ணா நகர்ல இருந்து ஒரு வாசகர்: வண்டியூர் கண்மாய்ல ஆகாயத்தாமரைய அள்ள அள்ள வருதே, ஏன்?*

அதுக்கு சாப்பாடு போயிட்டே இருக்கு சார். மேலூர் அண்ணன் அனுப்புன அரிசிய மதுரையில நாம சாப்பிடுறோம், அதுல இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிவுநீரா நீர்நிலைக்கு வருது, சோப்புத்தண்ணியும் சேருது. வெயிலுக்கு மதுரையில பஞ்சமே இல்ல. தென் அமெரிக்காவுல இருந்து வந்த அந்த செடி இந்த வசதியில ரெண்டு வாரத்துல கூட இரட்டிப்பாகும். மேல மூடிட்டா தண்ணிக்குள்ள வெளிச்சம் இறங்காது, அழுகி விழுறத தின்னுற பாக்டீரியா இருக்குற ஆக்சிஜனையும் இழுத்துக்கும், விடியக்காலையில மீன் மேல வந்து வாய் பொளக்குறது அதனால தான்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குறது அள்ளுற விதத்துல தான். ஜேசிபி வச்சு அள்ளி கரையிலயே குமிச்சு வைக்கிறாங்க, அது அங்கேயே மக்கி அடுத்த மழைக்கு கண்மாய்க்குள்ளயே திரும்ப இறங்குது, அப்ப செடிய தான் எடுத்தோம், சத்து உள்ளயே தான இருக்கு. பச்சையா அள்ளுனா 100 கிலோவுல 90 கிலோவுக்கு மேல தண்ணி, அதனால ரெண்டு மூணு நாள் வெயில்ல வாட விட்டு, மழைக்கு முன்னாடி வண்டியில ஏத்தி, சாணியோட சேர்த்து மக்க வச்சு வயலுக்கு அனுப்பலாம். ஒர்க்‌ஷாப், பட்டறை கழிவு கலக்குற இடம்னா ஈயம் மாதிரி உலோகங்கள் செடிக்குள்ள ஏறியிருக்கும், டெஸ்ட் பண்ணாம காய்கறிக்கு போடாதீங்க. கழிவுநீர் வர்ற வாய்க்கால அடைக்காம இதெல்லாம் செஞ்சா வருஷாவருஷம் அள்ளிக்கிட்டே தான் இருக்கணும், மனு எழுதுறப்ப வாய்க்கால் விஷயத்த முதல்ல எழுதுங்க.