ஹப்புத்தளைக்குச் சைக்கிளோடு

அன்புள்ள அண்ணைக்கு,

நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். பின்னேரங்களில் மகளோடு இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் ஓடுவதும் உண்டு. மகளுக்கு 13 வயது. அவளுக்குப் பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கினோம், எனக்கும் ஒன்று இரவலாகக் கிடைத்திருக்கிறது. அம்மா பிறந்தது ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 77 கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு வந்தவர். அந்த மலையில் ஒரு நாளாவது சைக்கிள் ஓட வேண்டும் என்பது எங்கள் ஆசை. நீங்கள் தம்பேதன்னைப் பாதையைப் பற்றி எழுதியதை வாசித்தேன். ஆனால் தம்பி முறையான ஒருவர், "அது வெறும் தார் றோட்டு, மவுண்டன் பைக் ஓடுகிற ஆக்கள் அங்கெல்லாம் போறேல்லை" என்கிறார். அம்மா பள்ளத்தைச் சொல்லிப் பயப்படுத்துகிறார். சமதரையில் பழகிய எங்களால் முடியுமா? இவ்வளவு தூரம் போய் ஓர் இலகுவான பாதையில் ஓடிவிட்டு வருவதில் அர்த்தம் இருக்கிறதா?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள ரீச்சர்,

போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா ஓட்டோவில் பின்னால் வரட்டும்.

முதலில் தம்பியின் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தயக்கத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. கரடுமுரடான மலைப்பாதையில் ஓடுகிறவருக்குக் கண் முன்சில்லுக்கு முன்னால் உள்ள சில மீற்றரிலேயே நிற்கும். கல் எங்கே, வேர் எங்கே, எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். அதிலும் ஒரு சந்தோசம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு அந்த மலையைப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணை விட்டுவைக்கிற பாதை வேண்டும். அமெரிக்காவில் பாதைகளைத் தரம் பிரிக்கிற முறையில் பச்சை வட்டம் போட்டால் இலகுவான பாதை என்று பொருள். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஐந்துக்குள், அதாவது 100 மீற்றர் போனால் ஏற்றம் 5 மீற்றருக்குள். பல வருசம் ஓடியவர்களும் அப்படியான பாதைகளுக்கு விரும்பித்தான் போகிறார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற பாதை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். இடைக்கிடை ஏற்றமும் இறக்கமும் உண்டு, ஆனாலும் மூச்சு முட்டுகிற பாதை அல்ல. ஒரு பக்கம் தேயிலை மேலே ஏறும், மறுபக்கம் அதே தேயிலை கீழே இறங்கும். அதற்கும் கீழே தெற்குச் சமவெளி விரிந்து கிடக்கும். அந்தத் தொழிற்சாலையை தோமஸ் லிப்டன் 1890இல் கட்டினார். அங்கிருந்து மலையுச்சியில் நின்று சுற்றிவரப் பார்க்கிற லிப்டன் சீட் என்ற இடத்துக்கு இன்னும் 7 கிலோமீற்றரளவு. அந்தத் துண்டு நல்ல ஏற்றம். முதல்நாளே அதற்கு ஆசைப்பட வேண்டாம். வேண்டுமென்றால் ஓட்டோவில் ஏறிப் பாருங்கள், தெளிவான காலையில் உடவளவை நீர்த்தேக்கம் வரைக்கும் தெரியும்.

இந்தப் பாதை ஏன் இலகுவாக இருக்கிறது என்று தம்பி யோசித்திருக்கமாட்டார். தேயிலையும் அரிசியும் ஏற்றிய வண்டி போக வேண்டுமென்றால் நேரே மேலே வெட்ட முடியாது. மலையின் ஒரே மட்டத்தைப் பிடித்து, சரிவைக் குறைத்து, வளைத்து வளைத்துத்தான் வெட்ட வேண்டும். ஆயுதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சனங்கள் காட்டை அழித்து, கல்லை உடைத்து, இந்த மலைகள் முழுவதும் அப்படித் தோட்டப் பாதைகளைப் போட்டார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தது அவர்களின் பிள்ளைகளிடமிருந்துதான். 1977இல் அடித்து விரட்டியதும் அவர்களைத்தான். உங்கள் அம்மாவின் பாட்டன் பூட்டன் முதுகு வளைந்ததால் கிடைத்த மட்டம் அது. அதில் நோகாமல் உழக்கிக்கொண்டு போக அவருடைய பேத்திக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? இலகு என்பதற்காக அந்தப் பாதையை ஒருவர் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ பாதையும் இப்படிப்பட்ட பழைய தோட்டப் பாதைகளை இணைத்ததுதான். நடக்கிறவர்களுக்காக அமைத்தது. அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களால் முடியுமா? வன்னியில் உங்களுக்கு எதிரி காற்றும் கிறவலும்தான். மலையில் எதிரி பாரம். ஏற்றத்தில் உங்கள் எடையையும் சைக்கிளின் எடையையும் கால்தான் தூக்குகிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட நூற்றுக்குப் பதினைந்தளவு குறைவு. பெரிய தொல்லை இராது, முதல் அரைமணி நேரம் மூச்சுக் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். ஆறுதலாக ஓடுங்கள். பேசிக்கொண்டே போக முடிந்தால் வேகம் சரி.

கியர் பழகாமல் போகாதீர்கள். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். மவுண்டன் பைக்கில் முன்னால் 24 பல்லுச் சக்கரத்தையும் பின்னால் 28 பல்லையும் பிடித்தால், ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றுக்கூட வராது. மெதுவாகப் போகும், ஆனால் முழங்கால் தப்பும். கியரை ஏற்றம் தொடங்க முன்னமே மாற்ற வேண்டும். ஏற்றத்தில் பாரம் விழுந்த பிறகு மாற்றினால் செயின் அடித்துக்கொண்டு நிற்கும். இதை இரணைமடுவிலேயே பழகலாம். குளக்கட்டில் ஏறுகிற சரிவு போதும், பத்துத் தடவை ஏறி இறங்குங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. நம்முடைய ஊரில் யாரும் இறக்கம் பழகியதில்லை, பிறேக்கை நாங்கள் மாட்டுக்கும் நாய்க்கும்தான் பிடிக்கிறோம். மலைச் சைக்கிள் பிறந்த கதையே பிறேக்கோடு சேர்ந்ததுதான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய பாரமான சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மலைச்சரிவில் போட்டி வைத்தார்கள். மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில் 400 மீற்றரளவு இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற அந்தக் காலத்து பிறேக் கீழே வரும்போது சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு 'ரீபக்', அதாவது 'திரும்ப அடைத்தல்', என்று பெயர் வந்ததே அதனால்தான்.

அதனால் மகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிறேக் பிடிக்கக்கூடாது, வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கைத் தொடர்ந்து அமத்திக்கொண்டு வராமல், இரண்டையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து வர வேண்டும். முன் பிறேக்கை மட்டும் திடீரென்று அமத்தினால் ஆள் ஹான்டிலுக்கு மேலால் போய்விடுவார். கையுறையும் ஹெல்மெற்றும் கட்டாயம். இரவல் சைக்கிள் என்பதால் பிறேக் கட்டையைப் புதிதாகப் போட்டுக்கொண்டு போங்கள், கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸும் லொறியும் அந்த ஒடுக்கமான பாதையில்தான் வரும். ஹோர்ன் கேட்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். கொழுந்துச் சாக்கோடு வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள். அது அவர்களின் வேலைத்தலம். லயங்களின் வாசலை, குளிக்கிற பீலியை, கொழுந்து கிள்ளுகிறவர்களின் முகத்தைக் கேட்காமல் படமெடுக்கிறவர்களை நான் அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் நொந்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள். அம்மா கூட வந்தால் யாரோடு என்ன பேசுவது என்ற கவலையும் உங்களுக்கு இல்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று அவர் சொல்லத் தொடங்கினால் அந்தப் பத்துக் கிலோமீற்றர் முடிய ஒரு நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

சைக்கிள்களை மரக்கறி ஏற்றப் போகிற லொறியில் அனுப்பலாம், அல்லது முன்சில்லைக் கழற்றி வானில் வைக்கலாம். நீங்கள் கண்டி வீதியாலேயே கண்டி போய், அங்கிருந்து பதுளைப் பக்கம் பஸ் எடுங்கள். தைப்பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் மழை குறைவு. சித்திரை விடுமுறையில் பின்னேரம் இடி மின்னலோடு கொட்டும், அதைத் தவிருங்கள். நம் ஊரைவிட ஒன்பது பாகை அளவு குளிர் கூட, அம்மாவுக்குச் சுவெற்றர் எடுங்கள். புல்லுக்குள் இறங்கினால் அட்டை ஏறும், உப்பு வைத்திருங்கள். காலை ஆறரைக்கே ஹப்புத்தளையை விட்டுப் புறப்படுங்கள். மத்தியானம் ஆனால் புகார் மூடிவிடும், பிறகு சமவெளி தெரியாது.

அன்புடன்,
அண்ணை